கறுத்த கைகள்

"இது எந்த நாடு?" என்று கேட்டார் ஆசிரியர், திரையில் இருந்த படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"பேர் போட்டு வரல சார்" என்றாள் உதவியாசிரியை. "இப்பதான் என் போனுக்கு வந்துச்சு."

அந்தப் பத்திரிகையின் உலகச் செய்திப் பிரிவு அவர் கைக்குள். அலுவலகத்தில் அவருக்கு 'உலகம்' என்று பட்டப்பெயர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த நாட்டின் தலைநகரையும் சொல்லிவிடுவார். அவர் பிரிவில் ஒரே ஒரு விதிதான். நமக்கு வேண்டிய நாட்டில் கூட்டம் கூடினால் அது கலவரம். வேண்டாத நாட்டில் கூடினால் மக்கள் எழுச்சி.

போன மாதம் உதவியாசிரியை இதை மாற்றிப் போட்டுவிட்டாள். விஷயம் முதலாளி வரைக்கும் போய், உலகம் அவளைக் காய்ச்சி எடுத்துவிட்டார். இன்னொரு தடவை தலைப்பில் தப்பு வந்தால் வீட்டைப் பார்த்துப் போகவேண்டியதுதான் என்றும் சொல்லியிருந்தார். வேலை இன்னும் நிரந்தரமாகாதவள். அதனால்தான் இன்று தலைப்பே வைக்காமல் படத்தை மட்டும் கொண்டுவந்து காட்டினாள்.

படத்தில் துருப்பிடித்த ஓர் இரும்புக் கதவு. அதன் முன்னால் ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டம். கொடி இல்லை, அட்டை இல்லை, உயர்த்திய கைகள் மட்டும்தான். அத்தனை கைகளும் கறுப்பாக இருந்தன.

"என்ன கேக்கறாங்களாம்?"

"காத்து சார். வேலை செய்யற எடத்துல மூச்சு விட முடியலையாம். எழுதி எழுதிக் குடுத்தும் மேல இருக்கறவங்க யாரும் கண்டுக்கலையாம்."

உலகத்தின் மூளை வேலை செய்தது. அது வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கறுத்த கை என்றால் கரி. கரி என்றால் சுரங்கம். சுரங்கம் என்றால், போன வாரம் நமக்கு நிலக்கரி தரமாட்டோம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதே, அந்த நாடு.

"எழுச்சி" என்று தீர்ப்புச் சொன்னார். "சந்தேகமே வேண்டாம்மா, மக்கள் எழுச்சி."

நாட்டின் பெயரைப் போட வேண்டுமா என்று அவள் கேட்டாள். அது உறுதியாகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு திரையில் முன்வரிசையில் நின்ற ஒருவனை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்தப் பச்சைச் சட்டைக்காரனப் பாரு. என்ன கண்ணு, என்ன கம்பீரம். இவன்தான் தலைவன்."

உதவியாசிரியைக்கு ஏனோ முகம் சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டு தலைப்பைத் தட்டச்சு செய்தாள்.

உலகம் தன் கையாலேயே ஒரு குறிப்பு எழுதி, தன் புகைப்படத்தோடு படத்துக்குக் கீழே சேர்த்தார். மூச்சு விடக் காற்றுக் கொடுக்காதவர்களுக்கு மனிதர்களை வேலை வாங்கும் உரிமை கிடையாது, இவர்களுக்குக் காற்றுக் கிடைக்கும்வரை இந்தப் பத்திரிகை ஓயாது என்று எழுதியிருந்தார். திரும்பப் படித்தபோது அவருக்கே கண் கலங்கியது. ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டார்.

இணையதளத்தின் முதல் பக்கத்தில் ஏற்றியதுதான் தாமதம், பற்றிக்கொண்டது. யாரோ ஒரு புண்ணியவதி உள்ளங்கையில் கண்மையைப் பூசிப் படம் எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான், கல்லூரி மாணவர்கள், ஒரு நடிகை, ஒரு பல் டாக்டர் என்று ஆளாளுக்குக் கறுத்த கையைத் தூக்கிவிட்டார்கள். எந்த நாடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

உலகம் சும்மா இருப்பாரா? மார்க்கர் பேனாவால் உள்ளங்கையைக் கறுப்பாக்கி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, உதவியாசிரியையிடமே போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். சோகம் போதவில்லை என்று மறுபடியும் எடுக்கச் சொன்னார். வெளிநாட்டில் ஓய்வில் இருந்த முதலாளியும் நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்று கறுத்த கையைக் காட்டி, 'இவர்களோடு நானும்' என்று போட்டிருந்தார்.

"உன் வேலை நிரந்தரமான மாதிரிதான்" என்றார் உலகம் வாயெல்லாம் பல்லாக.

அவள் சந்தோஷப்படவில்லை. "அவங்களுக்குக் காத்து கிடைச்சிரும்ல சார்?" என்று கேட்டாள்.

"கிடைக்காம? நானும் முதலாளியும் பேர் போட்டுச் சொல்லியாச்சு. இனிமே யாரு நினைச்சாலும் பின்வாங்க முடியாது."

அதற்குள் மாலைப் பதிப்புக்கு நேரமாகிவிட்டது. அச்சாகிச் சரிபார்க்க வரவேண்டிய பக்கம் இன்னும் மேலே வரவில்லை. உலகம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த அச்சுக்கூடத்துக்குப் போன் போட்டார். அங்கே அவர் ஒரு நாளும் இறங்கிப் போனதில்லை, எல்லாம் போனோடு சரி. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஒருத்தரும் எடுக்கல. எங்க போய்த் தொலைஞ்சாங்க எல்லாரும்?"

உதவியாசிரியை எழுந்து நின்றாள். போனால் வேலை போகட்டும் என்று ஒரு தைரியம் வந்திருந்தது.

"பச்சைச் சட்டை என் வீட்டுக்காரர் சார். மத்தவங்களையும் நீங்கதான் முதல் பக்கத்துல போட்டிருக்கீங்க."