காலி சீட்

ஓட்டுநர் சீட்டில் யாரையும் காணோம். ஆனாலும் அந்த வெள்ளைக் கார் வளைவில் பதவிசாகத் திரும்பி, பல்கலைக்கழக அலுவலகத்தின் வாசலில் வந்து நின்றது.

"ஆராய்ச்சிக்கு வாங்கின ரெண்டு வண்டியில இது ஒண்ணு. ஏறுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றபடி ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் ஏறினார் பேராசிரியை. தானாக ஓடும் கார் பற்றிய ஆராய்ச்சிக்கு அவர்தான் தலைவி.

பதிவாளர் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். கார்களை வாங்கிக் கொடுத்த கொள்முதல் அதிகாரி அவர் பக்கத்தில் சீட்டு நுனியில் ஒட்டிக்கொண்டார். பதிவாளர் முன்னால் முழுசாக உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை.

ஸ்டீயரிங் தானாகத் திரும்புவதைப் பார்த்துப் பதிவாளர் வாயைப் பிளந்தார். அதிகாரியின் கண்ணோ ஓட்டுநர் சீட்டின் புசுபுசு உறையிலேயே நின்றது. இதை நாம் வாங்கவே இல்லையே என்று யோசித்தார். தொழில் புத்தி எங்கே போகும்?

"இனிமே டிரைவர் பொழப்பு அவ்வளவுதான்" என்றார் பதிவாளர். "ஆமா, உங்க வீட்டம்மா டாக்சி ஓட்டறாங்கன்னு யாரோ சொன்னாங்களே, நெஜமா?"

அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சேச்சே! யார் சார் இதையெல்லாம் கிளப்பி விடறது? அவ வீட்டோட இருக்கா சார். அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

வெறிச்சோடிய சாலையில் கார் சடக்கென்று நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது.

"கம்ப்யூட்டருக்கு என்னமோ சந்தேகம் போல!" என்று பதிவாளர் சிரித்தார். அதிகாரியும் சிரித்து வைத்தார்.

சிரித்து முடித்ததும் உள்ளே சுருக்கென்றது. பொய் சொன்னதோடு விட்டிருக்கலாம். சைக்கிளை வேறு எதற்கு இழுத்தோம்? தினமும் மனைவி ஓட்டும் டாக்சியில்தான் அவர் வேலைக்கு வருகிறார். யாராவது பார்த்தால் மானம் போய்விடும் என்று ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்வார். அவள் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

இன்று காலைகூட, "சாயங்காலம் உங்களுக்கு ஒரு சேதி சொல்றேன்" என்று ஆசையாகச் சிரித்தாள். அதைக்கூட நின்று கேட்காமல் அக்கம்பக்கம் பார்த்தபடி நடந்துவிட்டார். 'நெஜந்தான் சார்' என்று இப்போதாவது சொல்லிவிடலாம். வாய்வரை வந்ததைப் பதிவாளரின் முகத்தைப் பார்த்ததும் முழுங்கிவிட்டார். தன்னை நினைக்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

கார் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"மன்னிக்கணும், ஒரு விஷயத்த மறைச்சுட்டேன்" என்றார் பேராசிரியை. "இதுல இன்னும் கம்ப்யூட்டரே பொருத்தல. ஆளில்லாத வண்டின்னு நெனச்சா ஜனங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு பார்க்கத்தான் இந்தச் சோதனை. அந்த சீட் உறைக்குள்ள ஒரு டிரைவர் உட்கார்ந்திருக்காங்க. இன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தாங்க."

"அடேங்கப்பா!" என்று பதிவாளர் கைதட்டினார்.

அதிகாரி அவசரமாகக் கதவைத் திறந்து இறங்கினார்.

ஓட்டுநர் சீட்டு அசைந்தது. உறைக்குள்ளிருந்து, அவர் தினமும் வீட்டில் கேட்கும் குரல் வந்தது.

"கதவ மெதுவா சாத்துங்க, சார்."