முழங்கால் தண்ணீர்

அணைத் திட்டத்தின் பொறியாளர் உள்ளே வந்து நின்ற பிறகும், அந்த மனிதர் நாற்காலிமேல் தூக்கி வைத்திருந்த கால்களைக் கீழே இறக்கவில்லை. 'உன்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்' என்று அந்தக் கால்களே சொல்வது போலிருந்தது அவளுக்கு.

"வாங்க இன்ஜினியரம்மா. உங்க அணையில ஆடு மேயுதாமே? புல்லு நல்லா வந்திருக்கா?"

பொறியாளர் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆற்றின் நீர்மட்டத்தைத் தினமும் அளந்து எழுதி ஓய்வு பெற்றவர் அவர். நாளை விசாரணையில் அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் அவளுடைய வேலை தப்பும்.

அணைக்கு ஆகும் செலவு ஒரு பங்கு, பாசனத்தாலும் மின்சாரத்தாலும் வரும் பலன் மூன்று பங்கு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். அதை நம்பி ஊர்களைக் காலி செய்தார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். திறப்பு விழாவன்று சுற்றிய டர்பைன் அதன் பிறகு அசையவே இல்லை. அணை ஒரு வருஷம்கூடப் பாதிக்கு மேல் நிரம்பவில்லை. அன்று கைதட்டிய மேலதிகாரிகள் எல்லாரும் இப்போது அவளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

அவருடைய மனைவி தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். தரையில் விரல் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். சேலையில் மட்டும் ஈரம் முழங்கால் வரை ஏறிக் கனத்துத் தொங்கியது. அப்படியே வந்து விருந்தாளிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஐயா, நீங்க அளந்து எழுதின தண்ணிய வச்சுத்தான் நான் கணக்கே போட்டேன்" என்றாள் பொறியாளர். "அப்போ அவ்வளவு தண்ணி ஓடிச்சு, இப்போ ஆறு வத்திப்போச்சுன்னு நீங்க வந்து சொன்னா போதும்."

"ஆறு எங்கம்மா வத்திச்சு? தேக்கி வைக்கத் துப்பில்லாம எங்கேயோ ஓட்டைய விட்டுட்டு ஆத்து மேல பழி போடுறீங்களா? உங்க சுவத்து மேல காக்கா உக்காந்து, உள்ள எட்டிப் பாத்துச் சிரிக்குதாம்."

"ஓட்டை எதுவும் இல்லைங்க, சோதிச்சாச்சு. ஒருவேளை, அளவுல ஏதாவது முன்ன பின்ன..." அவள் இழுத்தாள்.

அவர் முகம் சிவந்தது. "என் அளவையா சந்தேகப்படுறீங்க? மழையோ வெள்ளமோ, பொழுது விடிஞ்சா அளவுக் கம்பத்துக்கிட்ட முழங்கால் தண்ணியில நின்னவன் நான். செருப்பு நனையாம படிச்சிட்டு வந்தவங்களுக்கு அதெல்லாம் எங்க புரியப் போகுது?"

"வீட்டுக்கு வந்தவங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்" என்றாள் மனைவி.

"நீ தொடைக்கிற வேலையப் பாரு. அளவு, கணக்குன்னா உனக்கு என்ன தெரியும்?"

மனைவி துடைக்கும் துணியைப் பிழிந்தாள். ஒரு சொட்டு தெறித்து அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது. நெருப்புப் பட்டது போல அவர் காலை உதறி, தோளில் கிடந்த துண்டை எடுத்து அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் வரத்தான் போறேன்" என்றார். "என் அளவு சுத்தம், இந்தம்மா கணக்குதான் கோணல்னு எல்லார் முன்னாலயும் சொல்லத்தான் போறேன்."

பொறியாளர் எழுந்துகொண்டாள். அவரைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. குளிரிலும் வெள்ளத்திலும் ஆற்றில் நின்ற கால்கள், இப்போது நாற்காலிமேல் இருந்தால்தான் என்ன? தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும். நாளைக்கு அதை ஒப்புக்கொண்டு, ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான்.

மனைவி வாசல் வரை கூடவே வந்தாள். "மனசுல வச்சுக்காதீங்கம்மா. இந்த மனுஷன் வாய் அப்படி. கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் கேக்காத பேச்சா?"

"பரவாயில்லைங்க. அத்தனை வருஷம் ஆத்துல நின்னவரு. கோபம் இருக்கத்தானே செய்யும்."

மனைவி நின்றுவிட்டாள். திரும்பி, உள்ளே நாற்காலிமேல் இன்னும் பத்திரமாக இருந்த அந்தக் கால்களை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தாள்.

"யாரு, இவரா? தரை காயற வரைக்கும் கீழ எறங்காத மனுஷன்மா."

"அப்போ தினமும் ஆத்துல எறங்கினது?"

"நான்தான், துணி துவைக்க. வீட்டுக்கு வந்ததும் என் சேலையில ஈரம் எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு பாத்து எழுதிக்குவாரு."