பெயர் காட்டலாமா?

"எடுத்தா பேச மாட்டாங்க தாயி. மூச்சு மட்டும் கேக்கும்" என்றாள் லீலா. சொல்லும்போதே கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பெருமாள்மலை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது பர்சானாவின் கம்ப்யூட்டர் சென்டர். கூக்கால் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த லீலாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நாலாக மடித்த செய்தித்தாள் துண்டை நீட்டியவள், நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவே மறந்துபோனாள்.

போனில் அழைப்பவர் யாரென்று அவருடைய பெயரைத் திரையில் கட்டாயம் காட்டலாமா? அந்தத் துண்டில் இருந்த அறிவிப்பில் தொலைத்தொடர்பு ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணி.

மணி நாலேகால். கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"எத்தனை நாளாக்கா இந்தத் தொல்லை?"

"ரெண்டு வருசமாச்சு. ஞாயித்துக்கெழம மத்தியானம் வரும். வீட்டுக்காரரு கேரட் மூட்டையோட கொடைக்கானல் சந்தைக்குப் போயிருப்பாரு."

பர்சானாவுக்குச் சுருக்கென்றது. "அப்ப நீங்க தனியா இருக்குற நேரம் பார்த்துக் கூப்பிடுறான். தெரிஞ்ச ஆளுதான்க்கா."

லீலா மறுபடியும் கதவுப் பக்கம் பார்த்தாள். வெளியே மூடுபனி இறங்கி எதிர்க்கடைப் பலகையை மறைத்துக்கொண்டிருந்தது.

பர்சானாவுக்குப் பழைய எரிச்சல் கிளம்பியது. திண்டுக்கல்லில் கல்லூரிக்குப் போன காலத்தில் அவளையும் ஒருவன் இப்படித்தான் பேசாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் துரத்தினான். சிம்மை இரண்டு முறை மாற்றினாள். கடைசியில் வாப்பா படிப்பையே நிறுத்திவிட்டார். அவன் யாரென்று இன்று வரை தெரியாது.

"போன வாரமும் வந்துச்சா?"

"வந்துச்சு. பதினோரு நிமிசம்."

"பதினோரு நிமிஷமா? கட் பண்ணியிருக்கலாம்லக்கா?"

லீலா செய்தித்தாள் துண்டை மேசையில் வைத்து, சுருக்கம் போகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

நாலு முப்பத்தைந்துக்குக் கரண்ட் வந்தது. இன்டர்நெட் வரவில்லை. பர்சானா தன் போனிலிருந்து இணைப்பைக் கொடுத்தாள். சிக்னல் ஒரு கோடு காட்டியது, போனது, மறுபடி வந்தது. அவள் மடமடவென்று தட்டச்சு செய்தாள். தன் மனதில் இத்தனை வருடம் கிடந்ததையெல்லாம் சேர்த்து அடித்தாள். முடித்ததும் சத்தமாகப் படித்தாள்.

"பெயர் தெரியாத அழைப்புகளால் என்னைப் போன்ற பெண்கள் நிம்மதி இழந்து தவிக்கிறோம். எனவே அழைப்பவரின் பெயரைக் கட்டாயம் காட்ட வேண்டும். இப்படிக்கு, லீலா, கூக்கால். சரியாக்கா?"

லீலா பதறி எழுந்தாள். "ஐயோ, இல்ல தாயி! காட்டக் கூடாதுன்னு எழுது."

"என்னக்கா சொல்றீங்க?"

"கூடாதுன்னு எழுது. அதுக்குத்தான் இம்புட்டு தூரம் வந்தேன்."

மணி நாலு நாற்பத்தெட்டு. பர்சானாவின் விரல்கள் விசைப்பலகையை விட்டு மேலே எழுந்து நின்றன.

"யாராச்சும் மிரட்டுறாங்களாக்கா? பயப்படாம சொல்லுங்க. போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் கூட வர்றேன்."

"யாரும் மெரட்டல. மணியாகுது. வெரசா எழுது தாயி."

"என்னால முடியாதுக்கா. முகம் தெரியாம ஒளிஞ்சுக்கிட்டுக் கூப்பிடுறவனுக்கு என் கையால துணை போக மாட்டேன்."

லீலா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மண்ணில் காய்த்துப்போன அந்தக் கை பிடியை விடவில்லை.

"நீ காட்டணும்னு நெனச்சா உன் பேர்ல எழுதி அனுப்பு. உனக்கு அந்த நியாயம் இருக்கு, நான் வேணாங்கல. என் பேர்ல மட்டும் நான் சொல்றத எழுதிடு. கருத்து கேட்டுருக்காகள்ல? இதுதான் என் கருத்து."

பர்சானா விசைப்பலகைப் பக்கம் திரும்பினாள். எழுதியதை அழித்தாள். 'அழைப்பவர் விரும்பாவிட்டால் அவருடைய பெயரைக் காட்டக் கூடாது' என்று ஒரே வரி அடித்தாள். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"சிக்னல் போயிருச்சு!"

மேசையில் கிடந்த போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பனிக்குள் இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி நடந்தாள். மலைப்பாதையில் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி அவளை ஒட்டிக் கடந்தது. உள்ளே லீலா திரையை விட்டுக் கண் எடுக்காமல் நின்றாள்.

"தாயி, வட்டம் நின்னுருச்சு!"

பர்சானா ஓடி வந்து பார்த்தாள். அனுப்பப்பட்டது. மணி நாலு ஐம்பத்தெட்டு.

லீலா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். ஊருக்குப் போகும் பஸ்ஸின் சத்தம் வளைவில் கேட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பர்சானா வாசலை மறித்து நின்றாள். "அனுப்பியாச்சு. இப்பவாச்சும் சொல்லிட்டுப் போங்கக்கா. அவன் பேரு வெளிய வரக் கூடாதுன்னு உங்களுக்கு என்ன அப்படி ஒரு அக்கறை?"

லீலா பையை மாரோடு அணைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"பேரு வந்துருச்சுன்னா, வீட்ட விட்டுப் போன எம் மக கூப்புடுறத நிறுத்திருவா தாயி."