அப்பாவின் சம்மதம்

"வெளையாட்டைப் படிக்கவும் காலேஜ் உண்டா லே?" என்று மகனிடம் கேட்டாள் லீமா.

"வெளையாடுகதுக்கு இல்லம்மா, கம்ப்யூட்டர் கேம் செய்யப் படிக்கதுக்கு. பெங்களூருலயும் இருக்கு, திருவனந்தபுரத்துலயும் இருக்கு. எங்க சேரட்டும்?"

"எனக்கென்ன தெரியும்? அப்பாகிட்ட கேட்டுச் சொல்லுகேன்."

சேருவதற்குக் கடைசி நாள் நெருங்க நெருங்க பிரைட்டனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எத்தனை வாட்டி கேட்டும் அப்பா ஒண்ணும் மிண்டலியே மக்கா" என்பாள் அம்மா. "வள்ளத்துல ஏறிட்டா அந்த மனுசனுக்கு வீட்டு நினைப்பு உண்டா?"

ஒருநாள் மத்தியானம் மீன்கறியை அடுப்பிலிருந்து இறக்கக்கூட மறந்து, சிரித்த முகமாய் ஓடிவந்தாள்.

"அப்பா சொல்லியாச்சு! பெங்களூரும் வேண்டாம், திருவனந்தபுரமும் வேண்டாம். தன்கூட வள்ளத்துல வரச் சொல்லுகாரு."

"சும்மா இரும்மா."

"நான் என்ன கள்ளமா சொல்லுகேன்? காலையிலருந்து கைகாட்டிக் கூப்பிடுகாரு. வந்து பாரு லே."

கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒக்கிப் புயலில் போய்த் திரும்பாத அப்பாவைக் கடலில் ஒரு வள்ளத்தில் உட்காரவைத்து, காலேஜில் காட்டுவதற்காகப் பிரைட்டன் ஒரு கேம் செய்திருந்தான். அன்றிலிருந்து அம்மாவுக்கு இருப்பெல்லாம் அதன் முன்னால்தான்.

திரையில் அப்பா வலது கையைத் தூக்கி, வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தார்.

பிரைட்டனுக்கு வள்ளத்தை ஆடவைக்க மட்டுமே தெரியும். ஆளைக் கையசைக்க வைப்பது எப்படி என்று படிக்கத்தான் அவன் காலேஜே தேடிக்கொண்டிருந்தான்.