பைப்புத் தண்ணி

"இது ஓடைத் தண்ணி இல்ல அங்கிள். பைப்புத் தண்ணி."

இராஜமாணிக்கத்தின் லயத்து வீட்டு வாசலில் நின்றபடியே குமுதவல்லி சொன்னாள். கையில் லேப் அனுப்பிய தாள்.

அவர் மறுக்கவில்லை. "ஆமாம்மா" என்றார்.

அவளுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

அவள் செய்துகொண்டிருந்தது பல்கலைக்கழக ஆய்வு. செண்டாயான் ரோட்டுக்கு உள்ளே இருக்கும் இந்தச் செம்பனைத் தோட்டத்து ஓடையில் ஆமைகள் மிச்சம் இருக்கின்றனவா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆமையைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. அது நீந்திப் போன தண்ணீரில் அதன் தோலோ கழிவோ துளியாவது கலந்திருக்கும். ஒரு போத்தல் தண்ணீரை வடிகட்டி டிஎன்ஏ பார்த்தால் போதும், அங்கே என்னென்ன உயிர் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மாதாமாதம் அந்தத் தண்ணீரைப் பிடித்துக் கொடுப்பதுதான் இராஜமாணிக்கத்தின் வேலை. முப்பது வருடம் இதே தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவர். ஓடையின் ஒவ்வொரு மடுவும் தெரிந்தவர் என்று நம்பித்தான் அவரைச் சேர்த்திருந்தாள்.

"ஜனவரியில நீங்க புடிச்ச தண்ணியில மூனு எடத்துல ஆமை இருந்துச்சு. அதுக்கப்புறம் நாலு மாசமா ஒன்னுமே இல்ல. ஆமைய விடுங்க. ஒரு மீனு இல்ல, ஒரு தவக்களை இல்ல. ஓடைத் தண்ணி அப்படி இருக்கவே முடியாது. லேப்ல என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க அங்கிள்."

"தப்புதாம்மா."

"ஏன் செஞ்சீங்க?"

அவர் வாசல் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேத்துல எறங்கச் சோம்பேறித்தனம்லா. வேற என்ன."

"உங்க சோம்பேறித்தனத்தால என் ஆய்வே போச்சு. இதுக்குப் பேரு ஏமாத்து வேல. ரிப்போர்ட்ல உங்க பேரப் போட்டுத்தான் எழுதப் போறேன். இனிமே எந்த யூனிவர்சிட்டியும் உங்கள வேலைக்குக் கூப்பிடாது."

"போட்டுக்குங்கம்மா."

ரப்பர் பூட்ஸையும் காலிப் போத்தல் பெட்டியையும் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். பிறகு மோட்டர் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு மம்பாவ் ஊர்ப் பக்கம் போய்விட்டார்.

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி லோகேஸ்வரி வெளியே வந்தாள்.

"தண்ணி புடிக்கணும்னா வாங்க. நான் காட்டுறேன்."

செம்பனை மரங்களுக்கு இடையே கால் மணி நேரம் நடந்தார்கள்.

முதல் மடு வந்தது. குமுதவல்லி குனிந்து போத்தலைத் திறந்தவள், அப்படியே நின்றாள்.

கரையோர வேர்களில் நைலான் கயிறுகள் தொங்கின. நுனியில் விரல் பருமனுக்குத் தூண்டில் முள். மணல் மேட்டை யாரோ மண்வெட்டியால் வாரிப் போட்டிருந்தார்கள். உடைந்த முட்டை ஓடுகள் வெள்ளை வெள்ளையாகச் சிதறிக் கிடந்தன.

"என்ன ஆண்ட்டி இது?"

"மூனு பேரு வந்தானுங்க. மூனு மடுவுலயும் போட்டானுங்க. வேற எங்கயும் தேடல. நேரா வந்தானுங்க."

"எப்போ?"

"பிப்ரவரியில. அங்கிளு தடுக்கப் போனாரு. பாராங் கத்திய எடுத்துக் காட்டிட்டானுங்க. பதினாலு ஆமை. சாக்குல கட்டி லோரியில ஏத்திட்டானுங்க. ரெஸ்டோரன்ட்டுக்காம்."

"அவங்களுக்கு எப்படி எடம் தெரிஞ்சது?"

லோகேஸ்வரி தயங்கினாள். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. ஆனா நீங்க அவர ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டீங்க. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியலம்மா."

"சொல்லுங்க ஆண்ட்டி."

"அதுல ஒருத்தன் போனத் தொறந்து அவருகிட்ட காட்டியிருக்கான். பேஸ்புக்ல மேப்பு. மூனு செவப்புப் புள்ளி. மேல ஒங்க போட்டோ."

குமுதவல்லிக்கு நினைவு வந்தது. ஜனவரித் தண்ணீரின் முடிவு கைக்கு வந்த அன்று இருப்புக் கொள்ளாமல், ஆமை இருந்த மூன்று இடங்களையும் குறித்து அவள்தான் அதைப் போட்டாள். யாரும் போடச் சொல்லவில்லை. எண்ணூறு லைக் வந்தது. ரஹாங்கில் அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டார்கூட வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

கையிலிருந்த போத்தல் மணலில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"மேல் ஓடையில இன்னும் ரெண்டு மூனு ஒளிஞ்சிருக்குன்னு சொல்றாரு" என்றாள் லோகேஸ்வரி. "இங்க ஒன்னுமே இல்லன்னு நீங்க எழுதிட்டா அப்புறம் எவனும் வரமாட்டான்ல. அதுக்குத்தான் வீட்டுப் பைப்புல புடிச்சுக் கொடுத்தாரு."

குமுதவல்லி லோகேஸ்வரி பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஆண்ட்டி. நான் அவர என்னென்ன பேசிட்டேன்..."

"நானும் அதத்தாம்மா கேட்டேன். 'தன்னாலதான் இத்தன உசுரு போச்சுன்னு தெரிஞ்சா அந்தப் புள்ளைக்குத் தூக்கமே வராதுடி. எம்மேல கோவப்பட்டுக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும்'னுட்டாரு."