தீவிலிருந்து வந்த டம்ளர்

கப்பலில் சமையல் வேலை பார்க்கும் அய்யாதுரை, கிரேக்க நாட்டில் ஒரு சின்னத் தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தி.நகரில் அக்காள் வீட்டில் வந்து இறங்கினான். அந்தத் தீவில், பழைய கோட்டைக்குக் கீழே ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டானாம். அவர்கள் கொடுத்த டம்ளரைக் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

"பாருக்கா, ஒன் பேரு."

வருஷக்கணக்காய்ப் புழங்கித் தேய்ந்த எவர்சில்வர் டம்ளர். 'சுந்தரவல்லி நினைவாக, மறைவு 9-11-74' என்று புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்தது. அந்தத் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

சுந்தரவல்லிக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாத்திரக்கடை வைத்திருக்கும் அவள் கணவர் இசக்கிமுத்து சிரிக்கவில்லை. டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெட்டு என்னோடதுதான். ஆனா நான் இன்னும் வெட்டலையே."

மறுநாள் காலையில் கடையிலிருந்து ஒரு சாக்கு டம்ளர் வந்து இறங்கியது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவு. கூடத்தில் உட்கார்ந்து, உளியும் சுத்தியுமாக அவள் பெயரை வெட்டத் தொடங்கினார்.

"என்னங்க இது?"

"கடைசி நேரத்துல டம்ளருக்கு அலையக் கூடாதுட்டி."

சுந்தரவல்லி தம்பியைப் பார்த்தாள். அவன் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"எனக்கொண்ணு எடுத்து வைங்க அத்தான். திருப்பித் தாரேன்னு சொல்லித்தான் வாங்கியாந்தேன். புதுசாவே குடுத்துருவோம்."

"நம்ம வீட்டையும் சேத்து எத்தன பேருட்டி?" என்றார் இசக்கிமுத்து, தலையைத் தூக்காமல்.

அவர் மறுபடியும் கேட்டபோது, சுந்தரவல்லி விரல்விட்டு எண்ணினாள். தன்னையும் சேர்த்துவிட்டது தெரிந்ததும் ஒன்றைக் குறைத்துச் சொன்னாள்.