இறங்காத கைகள்

தைவானின் ஹுவாலியன் போர்விமானத் தளத்தின் காத்திருப்பு அறையில், நேற்றைய பயிற்சிச் சண்டையைக் காட்ட விமானி துங் உள்ளங்கைகளை விமானங்களாக உயர்த்துகிறார். வலது கை அவர், இடது கை எதிரியாகப் பறந்த யாச்சிங். ஜன்னல் வெயிலில் வலது கை சாய்ந்து திரும்புகிறது. "கையை இறக்குங்கண்ணே. நீங்க திரும்புறதுக்குள்ள அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்தே ஏவுகணையால உங்கள முடிச்சுட்டேன்," என்று யாச்சிங் சிரிக்கிறாள். "மூஞ்சியப் பாக்காம அடிக்கிறதெல்லாம் ஒரு சண்டையா?" துங்கின் கைகள் இறங்கவில்லை. அபாயச் சங்கு அலறுகிறது. ஒலிபெருக்கி கத்துகிறது: "கடல் மேல அந்நிய விமானம். ரெண்டு பேரும் போங்க. யாருன்னு கண்ணால பாத்துச் சொல்லணும். சுடக்கூடாது." யாச்சிங் தலைக்கவசத்தை வெடுக்கென்று எடுக்கிறாள். "அப்புறம் எதுக்கு அந்த ஏவுகணையக் கட்டித் தொங்கவிட்டிருக்கானுங்க?" வாசலில் தயங்கித் திரும்புகிறாள். "எவ்ளோ பக்கத்துல போகணும்ணே?" துங் இரண்டு கைகளையும் விரல்நுனி உரசும்படி சேர்த்துக் காட்டுகிறார்.